இரவில் பிந்திச் சாப்பிட்டால் உடம்பு வைக்குமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணியளவில், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்திலிருந்து ஆள் வந்து எங்கள் கதவைத் தட்டினார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது ஐம்பது வயது கடந்த ஒரு அக்கா இஸ்தோப்பில் சுவரோடு சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். கம்பளி போர்த்தினாலும் தாங்காத அந்தக் குளிரில் அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பேச்சுக் குழறியது. பேய் பிடித்துவிட்டது என்று ஒருவர் திருநீறு எடுக்க ஓடினார். நல்ல காலம், பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் ஆயாம்மா பக்கத்து வீட்டில் இருந்தார். அவர் ஒரு கோப்பைத் தண்ணீரில் சீனியைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். கால் மணித்தியாலத்தில் அக்காவுக்குத் தெளிவு வந்தது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

போகும் வழியில் கேட்டோம். "என்னக்கா, ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலீங்க ஐயா. எட்டு மணிக்கு மேல சாப்பிட்டா ஒடம்பு வச்சிரும்னு சொன்னாங்க. கிளினிக்குல நெறைய கொறைக்கச் சொல்லியிருக்காங்கல்ல. பத்து நாளா ராத்திரிச் சோறே இல்லீங்க. ஆனா மாத்திரைய மட்டும் ஒரு நாளும் விடல."

அவர் செய்த தவறு எது? கிளினிக்கில் நிறையைக் குறைக்கச் சொன்னது சரி. மாத்திரையை விடாமல் போட்டதும் சரிதான். நடுவில் யாரோ சொன்ன அந்த "எட்டு மணி" தான் ஆளைக் கவிழ்த்துவிட்டது. இந்த எட்டு மணிக் கதையை இப்போது லயத்துக்கு லயம் கேட்கிறோம். கொழும்பில் கடை வேலைக்குப் போய் வந்த பிள்ளைகள் சொல்கிறார்கள், கைத்தொலைபேசியில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பாடசாலை போகும் பொம்பிளைப் பிள்ளைகள்கூட ராத்திரிச் சாப்பாட்டை ஒதுக்குகிறார்கள். ஆகவே இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கட்டுக்கதை என்பதை இம்முறை விபரமாக எழுதலாம் என்று நினைத்தோம்.

முதலில் நம் வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு ஏன் பிந்துகிறது என்று பார்ப்போம். இது சோம்பேறித்தனத்தால் வந்தது அல்ல. நமக்கு மிகக் கிட்டத்தில் இருக்கும் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் காலம் தொட்டு நாம் எப்போது சாப்பிடுவது என்பதைத் தோட்டத்து மணிதான் தீர்மானித்து வந்திருக்கிறது. கொழுந்து எடுக்கும் ஒரு தாய் நாலரைக்கு எழும்புகிறாள். அடுப்பு மூட்டி, வெறுந்தேத்தண்ணி ஊற்றி, ரொட்டி தட்டி, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தான் பாதி ரொட்டியை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு பிரட்டுக்கு ஓடுகிறாள். மலையில் ஒரு தேத்தண்ணி. மத்தியானக் கொழுந்தை நிறுத்துவிட்டு இரண்டு ரொட்டியும் சம்பலும். அந்திக்குக் கொழுந்து நிறுத்து வந்து, விறகு, தண்ணீர், உடுப்புக் கழுவுதல், பிறகு சமையல். சோறு இறங்க ஏழரை ஆகிறது. அப்போதாவது சாப்பிடலாமே? இல்லை. புருஷன் வர வேண்டும், மாமியார் சாப்பிட வேண்டும், பிள்ளைகள் சாப்பிட வேண்டும். டீவியில் நாடகமும் முடிய வேண்டும். கடைசியில் அவள் தட்டைப் போட்டு உட்காரும்போது ஒன்பதரை, பத்து.

சோறு என்று நம் ஆட்கள் சொல்வது பெரும்பாலும் அந்த ஒரு நேரத்தைத்தான். பகல் முழுவதும் ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும். ராத்திரி மட்டும் சோறு, பருப்பு, கிழங்கு, இருந்தால் கருவாடு. இப்படிச் சாப்பிடுகிறவரிடம் போய் "எட்டு மணிக்கு மேல் சாப்பிடாதே" என்று சொன்னால், அன்றைய நாளின் உருப்படியான சாப்பாட்டையே விடச் சொல்வதாகும்.

இனி விஷயத்துக்கு வருவோம். "படுக்கப் போகும்போது சாப்பிட்டால் அது எரியாமல் அப்படியே கொழுப்பாகிவிடும்" என்று சொல்கிறார்கள். தூங்கும்போது உடம்பு நின்றுவிடுவதில்லை. இருதயம் அடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, ஈரல் வேலை செய்கிறது, உடம்பின் சூடு காக்கப்படுகிறது. 55 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணின் உடம்பு தூக்கத்தில்கூட மணிக்கு ஏறக்குறைய 50 கலோரி செலவழிக்கிறது. மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கும்போது அதைப் போல இரண்டு மூன்று மடங்கு செலவாகும். அது வேறு. ஆனால் ராத்திரி சாப்பிட்டது ராத்திரியே எரிந்து தீர வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. உடம்பு அதை ஈரலிலும் தசையிலும் கொழுப்பிலும் வைத்திருந்து மறுநாள் மலை ஏறும்போது எடுத்துக் கொடுக்கும்.

கடையில் பற்று வைக்கும் கொப்பியை நினைத்துப் பாருங்கள். மாவை காலையில் வாங்கினீர்களா, பொழுதுபட்ட பிறகு வாங்கினீர்களா என்று சம்பள நாளில் யாரும் கேட்பதில்லை. மொத்தம் எவ்வளவு என்றுதான் கூட்டுகிறார்கள். நிறையும் பெரும்பாலும் அப்படித்தான். நாள் முழுவதும், கிழமை முழுவதும் உள்ளே போனது எவ்வளவு, வேலையில் செலவானது எவ்வளவு என்பதுதான் முதல் கணக்கு.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. தெல்தோட்டையில் நம்மோடு வாழும் முஸ்லிம் சகோதரர்கள் நோன்பு மாதத்தில் ஒரு மாதம் முழுவதும் பகலில் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை. சாப்பாடெல்லாம் பொழுதுபட்ட பிறகும் விடிவதற்கு முன்பும்தான். ராத்திரிச் சாப்பாடுதான் உடம்பைப் பெருக்கும் என்றால் பெருநாளன்று எல்லாரும் பருத்திருக்க வேண்டும். பல நாடுகளில் நோன்பு பிடிப்பவர்களை நிறுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக ஒரு கிலோ அளவு குறைந்துதான் இருக்கிறது. நோன்பு முடிந்து சில வாரங்களில் அது திரும்பவும் வந்துவிடுகிறது. இருட்டிய பின் சாப்பிட்டதனால் மட்டும் ஒருவர் பருப்பதில்லை என்பது இதில் தெளிவு.

அப்படியென்றால் நேரம் ஒரு பொருட்டே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. அந்தக் கடைக்காரர் ராத்திரியில் வாங்குகிறவர்களிடம் ஐந்து பத்து ரூபாய் கூடுதலாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உடம்புக்குள் ஒரு மணிக்கூடு ஓடுகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பகலில் சாப்பிட்டதைக் கையாளும் ஆயத்தத்தில் உடம்பு இருக்கிறது. இரவில் அந்த ஆயத்தம் குறைகிறது. இன்சுலின் பகலைப் போல வேலை செய்வதில்லை. ஒரே அளவு சோற்றைக் காலையில் சாப்பிட்டால் இரத்தத்தில் ஏறும் சீனியைவிட, இரவில் சாப்பிட்டால் ஏறுவது கூட. சீனி வருத்தக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 2022இல் 16 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எல்லாரும் நிறை கூடியவர்கள். ஒரே சாப்பாட்டை, ஒரே அளவில், சில நாட்கள் நேரத்துக்குக் கொடுத்தார்கள். பிறகு சில நாட்கள் ஒவ்வொரு வேளையையும் நான்கு மணித்தியாலம் பிந்திக் கொடுத்தார்கள். பிந்திச் சாப்பிட்ட நாட்களில் அவர்களுக்குப் பசி கூடியது. "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு குறைந்தது. விழித்திருக்கும் நேரத்தில் உடம்பு எரிக்கும் கலோரியும் 100க்கு 5 பங்கு அளவு குறைந்தது. ஸ்பெயினில் நிறை குறைக்க வந்த 420 பேரை 20 கிழமை கவனித்து 2013இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பகல் சாப்பாட்டை மூன்று மணிக்கு முன் சாப்பிட்டவர்கள் அதற்குப் பின் சாப்பிட்டவர்களைவிடக் கூடுதலாக நிறை குறைந்திருந்தார்கள். இரு பக்கத்தாரும் சாப்பிட்ட அளவு ஏறக்குறைய ஒன்றுதான்.

இதை மட்டும் படித்தால் எட்டு மணிக் கதை வென்றுவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதே 2022இல் ஸ்கொட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் 30 பேருக்கு நான்கு கிழமை காலையில் பெரிய சாப்பாடும் இரவில் சிறிய சாப்பாடும் கொடுத்தார்கள். இன்னொரு நான்கு கிழமை அதை மாற்றிக் கொடுத்தார்கள். மொத்தக் கலோரியை ஒன்றாகவே வைத்தார்கள். இரண்டு முறையிலும் குறைந்த நிறை ஒன்றே, மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஒரே ஒரு வித்தியாசம், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட நாட்களில் அவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது.

எங்கள் எண்ணத்தில் விஷயம் இந்தப் பசியில்தான் இருக்கிறது. நேரம் பிந்துவதால் உடம்பு எரிப்பதில் வரும் நட்டம் சிறியது. பகல் முழுவதும் வயிற்றைக் காயப்போட்டுவிட்டுப் பத்து மணிக்குச் சட்டிக்கு முன்னால் உட்காரும்போது கை நிற்பதில்லை, அதுதான் பெரிய நட்டம். ஆறாத பசியோடு உட்காரும் ஒருவருக்கு அரைக் கிலோ சோறு ஒரு பெரிய காரியமில்லை. அதில் ஏறக்குறைய 650 கலோரி இருக்கிறது. கறியும் தேங்காய்ப் பாலும் எண்ணெயும் வேறு. பிந்தி விழித்திருந்தால் சாப்பாட்டோடும் முடியாது. நாடகம் பார்க்கும்போது பிஸ்கட், மிக்சர், இன்னொரு சீனித் தேத்தண்ணி. ஆண்கள் சிலர் சாராயத்துக்குப் பொரித்த கருவாடும் கடலையும் எடுக்கிறார்கள். சம்பள நாளென்றால் பஜாரிலிருந்து கொத்து ரொட்டி வருகிறது. இவை ராத்திரியில் சாப்பிடப்படுவதால் ராத்திரிக்குக் கெட்ட பெயர்.

தேத்தண்ணியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு தேக்கரண்டிச் சீனியில் 20 கலோரி. கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 300 கலோரி. பெரிய அகப்பையால் இரண்டு அகப்பைச் சோற்றுக்குச் சமம். ராத்திரிச் சோற்றை நிறுத்தியவர்களில் சீனியைக் குறைத்த ஒருவரை நாங்கள் இதுவரை சந்திக்கவில்லை!

நம் தோட்டங்களில் யாருக்கு உடம்பு வைக்கிறது என்றும் பாருங்கள். நாள் தவறாமல் மலைக்குப் போகும் பெண்கள் பலர் இன்னும் மெலிந்துதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருத்தம் இரத்தச் சோகை. பருப்பவர்கள் வேலையிலிருந்து நின்றவர்கள், ஓட்டோ ஓட்டும் தம்பிமார், கடையில் நிற்பவர்கள், எங்களைப் போலக் கதிரையில் உட்கார்ந்து எழுதுபவர்கள். மலை நின்றுவிட்டது, ஆனால் மலைக்குப் போன காலத்துத் தட்டு நிற்கவில்லை. இந்த அக்காவும் மூன்று வருடத்துக்கு முன்னர்தான் பேர் போடுவதை நிறுத்தியவர். இலங்கையில் 2005-2006இல் செய்த கணக்கெடுப்பில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 10 பேருக்குச் சீனி வருத்தம் இருந்தது. இது இனிமேலும் பட்டணத்து வருத்தம் அல்ல.

ஆகவே ராத்திரிச் சாப்பாட்டை விடுவதற்கு முன், உங்களுக்கு நிறை குறைக்க வேண்டிய தேவை உண்டா என்று பாருங்கள். ஆசிய நாட்டவரான நமக்கு அளவு சற்று இறுக்கமானது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 42 முதல் 52 கிலோ வரை நல்ல நிறை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு 51 முதல் 62 கிலோ வரை. இடுப்புச் சுற்று பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. தைக்கிற டேப் போதும், தொப்புள் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் 2011 தொட்டு ஆரம்பிக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைக் கடந்தவர்களுக்கு நிறை, பிரசர், இரத்தச் சீனி எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள். ஒரு நாள் பேர் போய்விடும் என்று பலர் போவதில்லை. அது உண்மையான கஷ்டம்தான், நாங்கள் மறுக்கவில்லை.

கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கும் தாய்மாரும் எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரிச் சாப்பாட்டை விடக்கூடாது. மணி பத்தானாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூடமைட் போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் இரத்தத்துச் சீனியைக் கீழே இறக்குபவை. உள்ளே சாப்பாடு இல்லாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். அந்திக்கு மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் நடு இரவில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, தலைச்சுற்று, பேச்சுக் குழறல் இவைதான் அடையாளங்கள். சிலர் காரணமில்லாமல் கோபப்படுவார்கள், வெறிகாரரைப் போல நடப்பார்கள். அறிவோடு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் பிஸ்கட்டோ சோறோ சாப்பிட வையுங்கள், பிறகு டொக்டரிடம் காட்டுங்கள். அறிவு தப்பியவருக்கு வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், அது மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மெட்போமின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் எந்த மாத்திரையையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதானால் அடுத்த கிளினிக்கில் கொப்பியைக் கொடுத்துக் கேளுங்கள்.

பெக்டரியில் ராத்திரி வேலை செய்கிற தம்பிமார் கேட்பார்கள், எங்கள் பாடு என்ன என்று. கொழுந்து அந்திக்கு வந்து வாட்டத்தில் கிடந்து, அரைப்பது சாமத்தில்தான். அந்த வேலைக்குச் சாப்பிடாமல் முடியாது. போகுமுன் வீட்டில் வயிறாரச் சாப்பிடுங்கள். சாமத்துச் சாப்பாட்டைச் சிறிதாக வையுங்கள், அவித்த கடலை, முட்டை, வாழைப்பழம் நல்லது. காலையில் வந்ததும் பெரிய தட்டோடு படுக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு நாங்கள் சொல்வது, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவதைவிட அதில் ஒரு பங்கைப் பகலுக்கு இழுத்து வாருங்கள். காலையில் ரொட்டியோடு பருப்போ அவித்த முட்டையோ சேருங்கள். அந்திக்கு மலையிலிருந்து வந்ததும் ஒரு பிடி அவித்த கௌபியோ பாசிப்பயறோ சாப்பிட்டால் பத்து மணிப் பசி பாதியாகக் குறைந்துவிடும். சோற்றைக் குறைத்த இடத்தை வல்லாரை, பொன்னாங்காணி, கோவா என்று மரக்கறியால் நிரப்புங்கள். லயத்துக் கோடியில் இரண்டு பாத்தி இருந்தால் கீரைக்குக் காசு தேவையில்லை. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது கழித்துப் படுத்தால் நெஞ்செரிச்சலும் குறையும்.

சட்டியில் சோறு ஏழரைக்கே இருக்கிறது, சாப்பிடுவது பத்து மணிக்கு என்றால், அந்த இரண்டரை மணித்தியாலம் எங்கே போகிறது? புருஷன் வரும்வரை பெண்சாதி சாப்பிடக்கூடாது என்பது டொக்டர் சொன்னதல்ல. பகல் முழுவதும் கூடையைச் சுமந்து மலை ஏறியவள் கடைசியாகச் சாப்பிட வேண்டும் என்ற வழக்கத்தை ஆண்கள்தான் முதலில் மாற்ற வேண்டும். "நீ சாப்பிடு, எனக்கு மூடி வை" என்று சொல்ல ஒரு சதமும் செலவில்லை.

அந்த அக்காவின் மாத்திரை நேரத்தை டொக்டர் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். இப்போது அவர் ஏழரைக்கே சாப்பிடுகிறார், சோறு இரண்டு அகப்பை, மீதி கீரை. தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டியை ஒரு கடி கடித்துக்கொள்கிறார். (அதுவும் சீனிதான் அக்கா என்று சொன்னோம், சிரித்துக்கொண்டார்.) கணவருக்கும் மகனுக்கும் சட்டியில் மூடி வைத்துவிடுவாராம். முதல் கிழமை மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். இரண்டாம் கிழமையிலிருந்து அவரும் ஏழரைக்கே தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்.